கரையில் கிடந்த பைபர் போட்டைத் திருத்தி இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் பாசையூரில் எங்கள் வீட்டு வேலியோரம், பூவரசுக்குக் கீழே, அப்பாவின் 18 அடி பைபர் (கண்ணாடி நார்) போட் 11 வருடம் கிடந்தது. அப்பாவுக்கு முழங்கால் இயலாமல் போன வருடம் கரையேற்றியது. அதற்குள் கோழி முட்டையிட்டது, மழைத்தண்ணீர் நின்றது, பூவரசம் இலை விழுந்து உரமானது. போன வருடம் நானும் தம்பியும் அதைத் திருத்தித் திரும்பவும் பரவைக்கடலில் (ஆழமில்லாத களப்பில்) இறக்கினோம். அன்று தொடக்கம் வழியில் காண்கிறவர்கள், கனடாவில் இருந்து கூப்பிடுகிறவர்கள், கோயில் வாசலில் மறிக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். நான் தொழில்முறை ஓடாவி (படகு கட்டும் தச்சன்) இல்லை. பிழை விட்டுப் பழகியவன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் போட்டும் பத்து வருடமாய்க் கரையில் கிடக்கிறது. திருத்தலாமா, வெட்டி எறிவதா?

பைபர் சும்மா கிடந்து உக்காது. உக்குவது அதற்குள் ஒளிந்திருக்கும் பலகை. அதனால் போட்டைப் பார்க்கப் போகிறபோது பெயின்றைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாத நேரமாய்ப் பார்த்துப் போங்கள். மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடம் 'டக், டக்' என்று கூராய்ச் சத்தம் தரும். உள்ளே ஈரம் குடித்த இடமும் அடுக்கு விட்ட இடமும் 'பொத்' என்று செத்த சத்தம் தரும். பொத் என்ற இடத்தையெல்லாம் சோக்கட்டியால் வட்டமிடுங்கள். பின்பலகை, இருக்கைகள் பக்கச்சுவரில் சேரும் மூலைகள், அடித்தளத்தின் நீட்டுக் கட்டைகள், ஏரா (அடியில் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்பு), இந்த நான்கையும் விடக்கூடாது. அப்பா சுத்தியல் எடுக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே கைமுட்டியால் பின்பலகையை இரண்டு தரம் தட்டிவிட்டு, “வலப்பக்கம் கீழ் மூலை போச்சு” என்றார். வெட்டிப் பார்த்தபோது அதே மூலைதான்.

அடுத்தது போட் முறுகியிருக்கிறதா என்று பார்ப்பது. நேரான இரண்டு கம்பு எடுத்து, ஒன்றை அணியத்துப் (முன்) பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் குறுக்கே வையுங்கள். பின்னால் குந்தியிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு கம்பும் ஒரே கோட்டில் தெரிந்தால் சரி. ஒன்று சரிந்து தெரிந்தால், ஒருபக்கக் கட்டை இறங்கிய நிலையில் போட் வருடக்கணக்காய் இருந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச முறுக்கு, கட்டைகளை மட்டமாக்கிச் சில கிழமை விட்டால் திரும்பும். ஏரா குறுக்கே வெடித்து, வெடிப்பு இரண்டு பக்கச் சுவரிலும் ஏறியிருந்தால் என் கருத்தில் விட்டுவிடலாம். மற்றதெல்லாம் திருத்தக்கூடியவை.

பின்பலகை என்று நீங்கள் சொல்வது எது? அது உக்கியதை எப்படி உறுதியாய்த் தெரிந்துகொள்வது?

மெசின் (வெளியே கொளுவும் எஞ்சின்) பூட்டுகிற பின்சுவர். வெளியே பைபர், உள்ளே பைபர், நடுவில் பிளைவூட். 15 குதிரைவலு மெசின் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ. அந்தப் பாரமும், ஓடும்போது அது போட்டைத் தள்ளும் விசையும் இந்த ஒரு சுவரில்தான் இறங்கும். பழைய போட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உறுதி செய்ய, உள்பக்கத்தால் மட்டும் 4 மில்லிமீற்றர் டிறில்லால் நாலைந்து துளை போட்டு, வருகிற தூளைப் பாருங்கள். காய்ந்த வெளிர் தூள் என்றால் நல்லது, துளையை றெசினால் (பைபரை இறுக்கும் பிசினால்) அடைத்துவிட்டுப் போகலாம். எங்கள் போட்டில் மேலே போட்ட இரண்டு துளையிலும் நல்ல தூள். தம்பி, “அப்பாவுக்குக் காது மந்தமாய்ப் போச்சு” என்று சிரித்தான். வலது கீழ் மூலையில் டிறில் இறங்கியதும் தேயிலைச் சக்கை மாதிரிக் கறுத்த ஈரக் கூழ் வந்தது. பிறகு அவன் சிரிக்கவில்லை.

தண்ணீர் எப்படிப் போனது என்று தேடினால் காரணம் பக்கத்திலேயே இருந்தது. போட்டுக்குள் நிற்கும் தண்ணீரை வெளியே விட அடியில் ஒரு துளை இருக்குமே, அந்தத் துளையின் உள்விளிம்பில் பூச்சில்லாத வெறும் பலகை அப்படியே தெரிந்தது. துளை போட்டவர் விளிம்புக்கு றெசின் பூசவில்லை. தண்ணீரை வெளியேற்ற வைத்த துளையால் வருடக்கணக்காய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மெசின் நட்டுப் போன துளைகளிலும் இதே கதைதான் நடக்கும்.

உக்கிய பின்பலகையை மாற்றுவது எப்படி?

வெளித்தோலைத் தொடாமல் உள்தோலை வெட்டித் திறப்பதுதான் எங்களுக்குச் சரிவந்தது. வெளியே வடிவு கெடாது. சுற்றிவர 5 சென்ரிமீற்றர் விளிம்பு விட்டுக் கிறைண்டரால் உள்தோலை வெட்டி எடுத்தோம். திறந்ததும் வந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது: கிடங்கில் ஊறப்போட்ட பொச்சுமட்டையை மாதக்கணக்கில் கழித்து எடுத்தால் வருமே, அந்த மணம். மேற்பாதிப் பலகையை உளியால் பிளந்து பிளந்து எடுக்க வேண்டியிருந்தது. கீழ்ப்பாதியை அம்மாவின் பழைய தோசைக் கரண்டியாலேயே வழித்து எடுத்தோம்.

பலகை போனதும் வெளித்தோல் தொளதொளவென்று ஆடும். அந்த நிலையில் புதுப்பலகை வைத்தால் வளைந்தபடியே இறுகிவிடும். வெளிப்பக்கத்தில் நேரான மரச்சட்டம் இரண்டு முட்டுக் கொடுத்த பிறகே அடுத்த வேலை.

இனித்தான் எல்லாரும் அவசரப்படுகிற இடம். திறந்த இடம் முழுதாய்க் காய வேண்டும். முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். உங்கள் கிணறு உவர்க்கிணறு என்றால் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைப் பாவியுங்கள், உவர்த்தண்ணீரால் உப்பைக் கழுவிப் பிரயோசனமில்லை. பிறகு வெயிலும் காற்றும் பட விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு சாணளவு தெளிவான பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்குப் போட்டை இறக்குகிறோம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பொலித்தீன் ஐந்து கிழமையாய் வியர்த்தது. திருநாளும் போனது, கூடுசுற்று ஊர்வலமும் போனது, போட் பூவரசடியிலேயே நின்றது. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

காய்ந்த பிறகு 40 அல்லது 60 இலக்க அரத்தாளால் பளபளப்புப் போகுமட்டும் தேய்த்து, அசற்றோனால் துடையுங்கள். கடதாசி மட்டையில் அளவு வெட்டி, வைத்துப் பார்த்து, பிறகு பலகையை வெட்டுங்கள். 36 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டுமென்றால் 18 மில்லிமீற்றர்ப் பலகை இரண்டாகப் போடுவது நல்லது, ஒவ்வொன்றாய் உள்ளே நுழைக்கவும் இலகு. மெசின் கிளாம்பின் வாய் எவ்வளவு விரியும் என்பதை முன்னமே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் எல்லாப் பக்கமும், முக்கியமாய் வெட்டிய ஓரங்கள், றெசின் குடிக்க வேண்டும். வெளித்தோலுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு மற் (கண்ணாடி நார்ப் பாய்), இரண்டு பலகைக்கும் இடையில் ஒரு மற். சட்டமும் கிளாம்பும் போட்டு நெரிக்கும்போது ஓரமெல்லாம் றெசின் பிதுங்கினால்தான் உள்ளே காற்று இல்லை.

பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையை அப்படியே கூராய் விடாதீர்கள். மற் கூர்மூலையில் படியாது, கீழே காற்று நிற்கும். றெசினோடு அதைத் தடிக்க வைக்கும் தூள் குழைத்துக் கரண்டி முதுகால் உருட்டி மழுக்கிவிடுங்கள். பிறகு மற்றைப் பக்கச்சுவரில் ஏற்றி ஒட்டும்போது ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் கூட ஓட வேண்டும். எல்லா ஓரமும் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் பிறகு வெடிக்கும்.

கடைசியாய்த் துளைகள். தேவையானதைவிடப் பெரிதாய் ஒரு துளை போட்டு, அதைத் தூள் குழைத்த றெசினால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். நட்டைச் சுற்றி இப்போது இருப்பது பலகை இல்லை, றெசின். இதை ஒருவரும் செய்வதில்லை. பத்து நிமிட வேலை.

எந்தப் பிளைவூட் வாங்குவது?

மரைன் பிளைவூட் என்றுதான் கேட்க வேண்டும். கேட்டால் தருவார்கள், ஆனால் தருவதெல்லாம் அதுதானா என்பது வேறு கதை. முதற்தரம் வாங்கிய பலகையில் எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு துண்டு வெட்டி அம்மாவின் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அம்மா வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பலகைச் சொதியோ?” என்றார். ஒரு மணித்தியாலத்தில் அடுக்கடுக்காய்ப் பிரிந்தது. தண்ணீருக்கு நிற்கும் பசை போட்ட பலகை மணிக்கணக்காய்க் கொதித்தாலும் பிரியாது. கடைக்காரர் மாற்றித் தந்தார், முகம்தான் சரியில்லை. முழுப்பலகை வாங்கமுதல் ஒரு துண்டு கேட்டு வாங்கிக் கொதிக்க வைத்துப் பாருங்கள். ஓரத்தைப் பார்த்தாலும் ஓரளவு விளங்கும்: உள் அடுக்குகளில் ஓட்டை இருக்கக்கூடாது.

றெசினுக்கு எவ்வளவு காட்னர் (இறுக வைக்கும் திரவம்)?

நிறையில் 1 தொடக்கம் 2 வீதம். எங்கள் வெயிலுக்கு 1 வீதத்துக்குக் கிட்ட நில்லுங்கள். 500 கிராம் றெசினுக்கு 1 வீதம் என்றால் ஏறத்தாழ 5 மில்லிலீற்றர். பார்மசியில் ஒரு சிரிஞ்ச் வாங்கினால் கண்மதிப்புத் தேவையில்லை. மூடியால் அளக்கும் வேலை வேண்டாம்.

நான் விட்ட பெரிய பிழை இதில்தான். கொளுத்தும் வெயில், மத்தியானம், ஒரு கிலோ றெசினை ஒரே வாளியில் கலந்தேன், காட்னரும் தாராளமாய். மூன்றாவது மற்றை நனைக்கிறபோது வாளி சுட்டது, பிறகு புகைந்தது, பிறகு பனங்கட்டிப் பாகு மாதிரி இறுகி வாளியோடு ஒன்றாய்ப் போனது. றெசின் இறுகும்போது தானே சூடாகும். ஆழமான பாத்திரத்தில் அந்தச் சூடு வெளியேறாமல் இன்னும் வேகமாய் இறுக்கும். ஆகையால் சிறிது சிறிதாய், அகலப் பாத்திரத்தில் கலவுங்கள். விடியக்காலமை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள்.

வெயிலுக்குப் பயந்து காட்னரை 1 வீதத்துக்குக் கீழே குறைக்கவும் கூடாது. வெளியே இறுகினது போலத் தெரியும், உள்ளே ஒருநாளும் முழுதாய் இறுகாது. மெதுவாக வேண்டுமென்றால் நேரத்தை மாற்றுங்கள், காட்னரை மாற்ற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கறாராய்ச் சொல்கிறேன். சில இடங்களில் றெசின், கோபால்ற் (இறுகலைத் தூண்டும் திரவம்), காட்னர் என்று மூன்றாய்த் தருவார்கள். கோபால்றும் காட்னரும் நேருக்கு நேர் சேரவே கூடாது, வெடிக்கும். கோபால்றை முதலில் றெசினில் முழுதாய்க் கலக்கிய பிறகே காட்னர். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்சைப் பாவிக்கவும் கூடாது. முடிந்தால் கோபால்ற் ஏற்கனவே கலந்த றெசினையே கேட்டு வாங்குங்கள். காட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் கால் மணித்தியாலம் தொடர்ந்து தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எவ்வளவு சாமான் வாங்குவது? கடையில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

நீங்களே கணக்குப் போடலாம். மற்றின் மேல் 300 அல்லது 450 என்று இருக்கும். ஒரு சதுர மீற்றரின் நிறை, கிராமில். 450 மற் ஒரு அடுக்கு இறுகினால் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பு. மற்றின் நிறையைப்போல இரண்டு தொடக்கம் இரண்டரை மடங்கு றெசின் குடிக்கும்.

எங்கள் பின்பலகை 1.4 மீற்றர் அகலம், 0.55 மீற்றர் உயரம். 0.77 சதுர மீற்றர். நாலு அடுக்கு 450 மற் என்றால் 1.4 கிலோ மற், 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் றெசின். பலகைக்கு இடையில் போன மற், பலகை குடித்தது, மூலைக்குக் குழைத்தது எல்லாம் சேர 7 கிலோ போனது. வாளியோடு போன ஒரு கிலோ இதில் இல்லை.

அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். உடைத்தால் புளித்த மணத்தோடு தண்ணீர் வருகிறது.

தண்ணீர் வெளிப்பூச்சுக்குள் ஊறி, உள்ளே சரியாய் இறுகாத றெசினோடு சேர்ந்து புளித்திருக்கிறது. நாளெல்லாம் தண்ணீரில் நின்ற போட்டுக்குத்தான் கூட வரும். ஒவ்வொன்றையும் திறந்து, நல்ல அடுக்குத் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் பலதரம் கழுவி, கிழமைக்கணக்கில் காயவிட்டு அடையுங்கள். பத்து இருபது கொப்புளத்துக்காக ஒருவரும் போட்டை விற்க வேண்டியதில்லை.

வெயில் பட்ட இடமெல்லாம் பைபர் மயிர் கிளம்பி, தொட்டால் கையில் ஏறுகிறது. இதற்குமேல் அப்படியே பெயின்ற் அடிக்கலாமா?

இதைக் கேட்டவர் மயிலிட்டிக்காரர். 1990இல் வெளிக்கிட்டு, 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு திரும்பியவர். இடையில் அவருடைய போட் இடம்பெயர்ந்த ஊர்களில் எல்லாம் வெட்டவெளியில் கிடந்திருக்கிறது. மயிர் தெரிந்தால் மேற்பூச்சு முழுதாய்ப் போய்விட்டது என்று அர்த்தம், பெயின்ற் அங்கே பிடிக்காது. தேய்த்து எடுத்துவிட்டு மெல்லிய 300 மற் ஒரு அடுக்குப் போட்டு, அதன்மேல் ஜெல்கோட் (பைபரின் வெளிப்பூச்சு) அடியுங்கள். ஜெல்கோட்டின் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் கடைசிமட்டும் பிசுபிசுக்கும்.

எந்த மாதம் வேலை தொடங்கலாம்?

மாரி முடிந்து, மாசி தொடங்க. தென்மேற்குச் சோளகக் காற்று எழும்ப முதல் பூச்சு வேலை முடிந்தால் புண்ணியம். சோளகத்தில் புழுதியும் மணலும் பறந்து வந்து ஈர றெசினில் ஒட்டும். நாங்கள் காயக் காத்திருந்து சோளகத்துக்குள்தான் பெயின்ற் அடித்தோம். நாலு பக்கமும் படங்கு கட்டி அடித்தும் இடப்பக்கத்தைத் தடவினால் இன்றைக்கும் நொரநொரவென்று இருக்கும்.

பைபர்த்தூசு உடம்பெல்லாம் கடிக்கிறதே?

நீட்டுக்கை உடுப்பு, கண்ணாடி, நல்ல முகமூடி. துணி கட்டினால் போதாது. காற்று முதுகுப் பக்கத்தால் வர நில்லுங்கள். வேலை முடிந்ததும் சொறியாமல் பச்சைத்தண்ணீரில் குளியுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு தோய்க்கப் போட்டால் என்ன நடக்கும் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

பெயின்ற் பற்றி?

தேய்க்காத இடத்தில் எந்த விலைப் பெயின்றும் நிற்காது. பாசி பிடிக்காத விசேட பெயின்ற், போட் எப்போதும் தண்ணீரிலேயே நின்றால்தான் தேவை. கரையில் இழுத்து வைப்பவர்களுக்கு வீண்செலவு.

எங்கள் போட்டைத் தேய்த்தபோது மேலே நீலம், அதற்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே மங்கிய வெள்ளை வந்தது. அந்த வெள்ளையில் அப்பா முதன்முதல் தன் கையால் எழுதிய இலக்கத்தின் ஒரு ஏழு. நடுவில் குறுக்குக்கோடு போட்ட ஏழு, அப்பா இன்றைக்கும் லொண்டறிக் கணக்கில் அப்படித்தான் எழுதுவார். தம்பி கிறைண்டரை நிற்பாட்டிவிட்டான். உள்ளங்கையளவு அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிவர அடித்தோம். அதன்மேல் நிறமில்லாத பூச்சு மட்டும். பெயின்ற் வேலை தெரிந்தவர்கள் பார்த்தால் ஏன் இந்த ஒட்டு என்று கேட்பார்கள்.

எங்கள் போட்டின் பதிவு அப்பாவின் பெயரில். அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் மூன்று பேர். என்ன செய்வது?

சாமான் வாங்கமுதல் இதைக் கதைத்து முடியுங்கள். திருத்துமட்டும் ஒருவருக்கும் வேண்டாத போட், தண்ணீரில் மிதந்தவுடன் எல்லாருக்கும் சொந்தமாகும். தொழிலுக்குப் போகும் போட் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்கீழ் பதியப்பட வேண்டும். ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி ஜே.எஃப்.என். என்று முடிகிற இலக்கம் உங்கள் போட்டில் இருக்கும். தேய்த்து அழிக்கமுதல் அதைப் படமெடுத்து, பழைய புத்தகம் கடதாசிகளோடு கடற்றொழில் பரிசோதகரிடம் போங்கள். உங்கள் சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போனால் கதை சுருங்கும்.

மெசின்?

அது தனிக்கதை. ஒன்று மட்டும்: வருடக்கணக்காய்க் கிடந்த மெசினைக் கயிறு இழுத்துத் தொடக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளைக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒருநாள் கழித்துக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் றப்பர் காய்ந்திருக்கும், பார்க்காமலே மாற்றலாம்.

இருக்கைப் பெட்டிக்குள் இருந்த பஞ்சு ஊறிப் பாரமாய் இருக்கிறது. எடுத்தால் போட் தாழுமா?

ஊறிய பஞ்சு மிதக்க உதவாது, பாரம்தான். எடுத்து எறியுங்கள். பதிலுக்கு மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை நெருக்கி அடுக்கலாம். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவைத் தாங்கும். நூறு போத்தல் என்றால் 150 கிலோ. கல்யாண வீட்டுக்குப் பிறகு அந்த வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரே நாளில் சேரும். போட் கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு நிற்க அது மேலே நிற்க வேண்டும், பரவைக்கடலில் பல இடம் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

ரொறன்ரோவில் அண்ணாவிடம் பழைய 14 அடி அலுமினியப் போட் இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

இல்லை. இதை எனக்கும் என் சொந்த அண்ணா கேட்டுத்தான் படித்தேன். சிம்கோ ஏரிக்குக் கொண்டுபோக ஒருவரிடம் பழசாய் வாங்கியிருந்தார். நான் சொன்ன பைபர் வைத்தியத்தை அலுமினியத்துக்குச் செய்யப் போனார். நல்ல காலம், தொடங்கமுதல் படம் அனுப்பினார்.

அலுமினியம் உக்காது, வழமையான துருவும் பிடிக்காது. காற்றுப் பட்டவுடன் மேலே மெல்லிய ஒட்சைட்டுத் தோல் வந்து அதுவே காவல் காக்கும். ஒழுகுவது தகடுகளைச் சேர்க்கும் றிவெற் ஆணிகளால். அலை அடித்து அடித்து றிவெற் தளரும். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க நாங்கள் போட்டைத் தண்ணீரில் விடுவோம். அலுமினியப் போட்டில் மாறாக, போட்டைக் கட்டைகளில் வைத்து உள்ளே தண்ணீர் விட வேண்டும். கணுக்கால் அளவு போதும், நிரப்பினால் பாரத்தில் தகடே வளையும். வெளியே எங்கே துளி கட்டுகிறதோ அந்த றிவெற்றை மாக்கரால் குறியுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கரியே ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும். தளர்ந்த றிவெற்றை ஒருவர் வெளியே பாரமான இரும்பு பிடிக்க, மற்றவர் உள்ளே சுத்தியலால் அடித்து இறுக்கலாம். போய்விட்டதை மாற்ற வேண்டும்.

அதன் பெரிய எதிரி செப்பு. உப்புத்தண்ணீரில் செப்பும் அலுமினியமும் தொட்டால் பற்றரி மாதிரி வேலை செய்யும், கரைவது அலுமினியம். செப்புச் சேர்ந்த பாசிப் பெயின்ற் அதற்கு ஆகாது. அடியில் விழுந்து கிடக்கும் ஒரு துண்டு வயரே ஓட்டை போடும். அண்ணாவின் போட்டிலும் பின்பலகை மரம்தான், உக்கியும் இருந்தது. அங்கே பூச்சிக்கு மருந்தேற்றிய பலகை மலிவாய்க் கிடைக்கும். அந்த மருந்தில் பெரும்பாலும் செப்பு இருக்கும். அண்ணா அதைத்தான் வெட்டி வைத்திருந்தார். மருந்தேற்றாத பலகைக்கு எபொக்சி பூசிப் போடச் சொன்னேன். துருப்பிடிக்காத இரும்பு நட்டுப் போடும் இடத்தில் இடையில் சீலன்ற் இருக்க வேண்டும்.

ஒட்டுவது இலகு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும், மேலே உள்ள ஒட்சைட்டுத் தோல் 2000 பாகைக்கு மேல்தான் உருகும். தோல் உருகுமுன் உள்ளே தகடு ஒழுகிப் போய்விடும். ரிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெயின்றும் தேய்த்த அன்றைக்கே, அலுமினியத்துக்கென்று இருக்கும் எச் பிறைமரோடு அடிக்க வேண்டும். நாளைக்கு என்று விட்டால் தோல் திரும்பத் தடித்துவிடும்.

வீட்டில் தாத்தாவின் மரவள்ளம் இருக்கிறது. மேலால் பைபர் சுற்றினால் பத்திரமாகும் என்கிறார்கள்.

வேண்டாம். மரம் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பைபர் அப்படி ஆடாது. சில வருடத்தில் விட்டுக்கொடுக்கும், இடையில் தண்ணீர் நிற்கும், மரம் இருட்டில் உக்கும். மரத்துக்கு மர வைத்தியம்: வங்கு (உள்விலா மரம்) மாற்றி, பலகை இடுக்கில் பஞ்சு அடித்துக் கலப்பத்துப் பார்க்கத் தெரிந்த ஓடாவியைத் தேடுங்கள். வல்வெட்டித்துறையில் மரத்தால் கட்டிய அன்னபூரணி, பெயர் மாறி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போனது. பைபர் சுற்றியா போனது?

இவ்வளவு வேலைக்குப் புதுசே வாங்கலாமே?

தொழிலுக்கு என்றால், கையில் காசிருந்தால், வாங்குங்கள். பைபர் போட் கட்டுகிற இடங்கள் இருக்கின்றன. திருத்திய போட் புதுப் போட் ஆகாது. எங்களுக்கு அது கணக்கில் வராத விசயம், அதனால் என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

முதல்நாள் இறக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

மெசின் இல்லாமல் முழங்காலளவுத் தண்ணீரில் இறக்கி, கட்டிவிட்டு, ஒரு மணித்தியாலம் சும்மா இருங்கள். உள்ளே காய்ந்த துணியால் துடைத்து, கோலமாவோ முகப்பவுடரோ மூலைகளில் தூவினால் எங்கே நனைகிறது என்று உடனே தெரியும். பிறகு மெசினைக் கொளுவி, மெதுவாய் ஓட்டி, பின்பலகையில் கை வைத்துப் பாருங்கள். நடுங்கலாம், அசையக்கூடாது. கரைக்கு வந்து நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள், முதலோட்டத்தில் கட்டாயம் தளர்ந்திருக்கும்.

நாங்கள் ஆடி முடிந்து ஒரு விடியக்காலமை இறக்கினோம். அப்பாவைக் கதிரையோடு தூக்கிக் கொண்டுபோய் ஏற்றினோம். கொழும்புத்துறைப் பக்கம் திரும்பும்வரை கையைப் பின்பலகையில் வைத்தபடியே இருந்தார். பிறகு கையை எடுத்து, “தண்ணி வார துளைக்கு றெசின் பூசினியளோ?” என்று கேட்டார். பூசியிருந்தோம்.